எத்தனை பேர்?

லின் பாடர்ன் ஏரியில் அன்று காற்றே இல்லை. வடக்கு வேல்ஸில் அப்படி ஒரு காலை அடிக்கடி வாய்ப்பதில்லை. பர்மிங்காமிலிருந்து வந்திருந்த பத்து வயதுப் பிள்ளைகள் நீல நிற டிரம்களையும் மரக்கம்புகளையும் கயிற்றால் பிணைத்துத் தெப்பம் கட்டியிருந்தார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே, கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளிப் போயிருந்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். மூத்த பயிற்றுநர் கயாக் என்னும் ஒல்லிப் படகில் அவர்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சட்டென்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“எத்தனை?”

பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் பேர் வாசித்தபோது பன்னிரண்டு. ஹெல்மெட் கொடுத்தபோது பன்னிரண்டு. ஆனால் அவர் கேட்டது இந்த நொடியின் கணக்கை. எண்ணினேன். பதினொன்று வந்தது. மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

பன்னிரண்டாவது பையன் தெப்பத்தின் மறுபக்கத்தில், ஒரு டிரம்மைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சிரித்தபடி மிதந்துகொண்டிருந்தான். லைஃப் ஜாக்கெட் அவனைத் தாங்கியிருந்தது. அவன் வழுக்கி இறங்கியதை மூத்தவர் பார்த்திருக்கிறார். கைக்கு எட்டும் தூரத்தில்தான் கயாக்கை நிறுத்தியிருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. அவனைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு விநாடி ஆகியிருக்கும். இப்போது இதை எழுதும்போதும் அந்த விநாடிகள் அடிவயிற்றில் அசைகின்றன.

மூத்தவர் என்னைக் கண்டிக்கவில்லை. அன்று மட்டும் இன்னும் பதினான்கு தடவை அதே கேள்வியைக் கேட்டார்.

நான் 2025 மார்ச்சில் இங்கே வந்தேன். பள்ளிப் பிள்ளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை தங்கி மலையேறவும், பாறை ஏறவும், படகு விடவும் வரும் ஒரு மையத்தில் பயிற்சிநிலைப் பயிற்றுநர் வேலை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? மலை நம் வாசலிலேயே நிற்கிறதே” என்றார். சரியான கேள்வி. பதில் எனக்கே எட்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது.

எங்கள் ஊர் வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். காலையில் பேர் வாசித்து ஆள் கணக்கு எடுப்பார்கள். பேர் விட்டுப்போனால் அன்றைய கூலி போயிற்று. மாலையில் இன்னொரு கணக்கு நடக்கும். பள்ளிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து வரும் பிள்ளைகளை, லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் நின்று பெண்கள் எண்ணுவார்கள். சிறுத்தை பிள்ளைகளைத் தூக்கிப்போன ஊர் அது. காலையில் ஏழு பேர் போயிருந்தால் மாலையில் ஏழு தலை தெரிய வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் முகம் தெரியாது. பேச்சுக் குரலை வைத்து எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை எனக்கு அப்போது வெறும் அம்மாமார் பழக்கமாகத்தான் தெரிந்தது.

கோவையில் கல்லூரியில் சேர்ந்ததும் என்.சி.சி.யில் சேர்ந்தேன். அதன் வழியாக 2019 கோடையில் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி கிடைத்தது. பனிக்கோடரி பிடிக்கவும், கயிற்றில் தொங்கி இறங்கவும், முதுகில் சுமையோடு மூச்சுவாங்க நடக்கவும் அங்கேதான் கற்றேன். ‘ஏ’ கிரேடு வாங்கினேன். அதன்பின் மூன்று வருடங்களுக்கு மேல் கணினி முன்னால் உட்கார்ந்து மற்றவர்களின் கணக்குகளைச் சரிபார்த்தேன். சன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் அலுவலகம் அது. அந்தச் சன்னல்தான் என்னைக் கிளப்பியது.

பிரிட்டன் இந்திய இளைஞர்களுக்கென்று ஒரு விசா வைத்திருக்கிறது. 18 முதல் 30 வயது, கையில் ஒரு பட்டம், இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்கலாம். ஆண்டுக்கு 3,000 இடங்கள், குலுக்கல் முறை. இரண்டாவது முயற்சியில் என் பேர் விழுந்தது. வங்கியில் 2,530 பவுண்டு இருப்புக் காட்ட வேண்டும். நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். மருத்துவச் சேவைக்கென்று இரண்டு ஆண்டுக்கு 1,552 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். விசாக் கட்டணமும் விமான டிக்கெட்டும் தனி. சேமிப்பு அத்தனையும் கரைந்தது. அக்காவின் வளையல் இரண்டு அடகுக்குப் போயிற்று. சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. தங்கும் இடத்துக்கென்று நாளொன்றுக்கு 10.66 பவுண்டு வரை பிடித்துக்கொள்ள அப்போது சட்டம் இடம் தந்தது. ஜூலைக்குள் வளையலை மீட்டுவிட்டேன். பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு வாரமும் பயிற்சி. பாறை ஏறச் சொல்வார்கள், என் திறமையைக் காட்டலாம் என்று நினைத்து வந்திருந்தேன். ஏறச் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார்கள். ஏறுபவரைப் பார்ப்பது எளிது, எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். கீழே கயிறு பிடிப்பவரின் கையைப் பார் என்றார்கள். பத்து வயதுப் பிள்ளை ஏறும்போது கீழே மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்று, கோயில் மணி அடிப்பதுபோல் கயிற்றை மாறி மாறி இழுத்துத் தளர்ச்சியை எடுப்பார்கள். அந்த மூவரில் ஒருவன் எப்போதும் வேடிக்கை பார்ப்பான். அவன் யார் என்று ஏறத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். இடுப்பு ஹார்னஸின் பக்கிளைக் கண்ணால் பார்த்தால் போதாது; கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். நானே பத்து நிமிடம் முன்பு இழுத்துப் பார்த்திருந்தாலும், அந்தப் பிள்ளை நடுவில் கழிப்பறைக்குப் போய்வந்திருந்தால் மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

உத்தரகாசியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மலையில் நான் எப்படி இருக்க வேண்டும் என்பதை. இங்கே கேட்பது, என்னோடு வரும் பன்னிரண்டு பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதை. இரண்டுக்கும் தூரம் அதிகம். நன்றாகப் பாறை ஏறும் ஒருவர் நல்ல பயிற்றுநராக இல்லாமல் போவதை இந்த எட்டு மாதத்தில் நேரில் பார்த்துவிட்டேன். அவர் கண் பாறையிலேயே இருக்கிறது.

மழையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணமும் இருந்தது. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவள் நான். இங்கே ஸ்னோடன் மலையை ஒட்டிய க்ரிப் கோக் என்ற கூர்முகட்டில் ஆண்டுக்கு நான்கு மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிரிட்டனிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அளவைக் கேட்டதும் ஊர்ப் பாசம்தான் வந்தது. ஆனால் இந்த மழை வேறு. ஆறு டிகிரி குளிரில், காற்றோடு பக்கவாட்டில் வந்து, சட்டையின் கழுத்து வழியாகவும் கை வழியாகவும் உள்ளே நுழைகிறது. எங்கள் ஊர் மழையில் நனைந்த பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இங்கே நனைந்த பிள்ளை, காற்றில் ஒரு மணி நேரம் நின்றால், உடல் வெப்பம் இறங்கத் தொடங்கும். நம்மைக் காக்கும் பருத்தி இங்கே எதிரி. ஈரத்தை இழுத்துத் தோலோடு ஒட்டிவைத்துக்கொள்கிறது. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போட்டு வரும் பிள்ளைகளை வரிசையிலிருந்து அழைத்து, மையத்தின் கம்பளி உடைகளை மாட்டிவிடுவது என் காலை வேலைகளில் முதலாவது.

உடல் குளிரத் தொடங்கினால் முதலில் தெரிவது பேச்சில்தான். குளிருகிறது என்று கத்துகிற பிள்ளைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கத்திக்கொண்டிருந்தவள் அமைதியானால் பக்கத்தில் போ என்பார் மூத்தவர். சொல் குழறுகிறதா, கால் தடுக்குகிறதா, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா, மிட்டாய்த் தாளைப் பிரிக்க விரல் வருகிறதா. இதற்காகவே என் சட்டைப்பையில் எப்போதும் தாள் சுற்றிய மிட்டாய் இருக்கும். பிள்ளைகள் என்னை மிட்டாய் கொடுக்கும் அக்கா என்று நினைக்கிறார்கள். நான் அவர்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்தவர் என்று நான் சொல்லும் அந்தப் பெண்மணிக்கு ஐம்பத்தெட்டு வயது. எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. மூன்று வாரம் பேர் சொல்லாமலே எதிரில் போய் நின்று பேசினேன். அவர் தாத்தா டினோர்விக் ஸ்லேட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1969-இல் மூடப்பட்ட சுரங்கம் அது. ஏரிக்கு மேலே மலையையே படிக்கட்டாக வெட்டிவைத்ததுபோல் இன்றும் நிற்கிறது. ஒரு விடுமுறை நாளில் என்னை அங்கே அழைத்துப் போனார். ஆங்கில்சி தீவிலிருந்து வந்த தொழிலாளிகள் வார நாட்களில் தங்கிய குடியிருப்பு, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. நான் அந்த நடுச்சந்தில் போய் நின்றேன். எங்கள் லயனின் அகலம்தான். சன்னல், அடுப்பு, அடுத்த வீட்டுச் சுவர், எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் அளவுகள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பென்ரின் சுரங்கத் தொழிலாளிகள் 1900 முதல் 1903 வரை போராடியபோது, “இந்த வீட்டில் துரோகி இல்லை” என்று எழுதிய அட்டைகளைத் தங்கள் வீட்டுச் சன்னல்களில் வைத்தார்களாம். மூத்தவர் அதை வேல்ஸ் மொழியில் சொல்லிக் காட்டியபோது குரல் மாறியது.

அந்த மொழிமேல் எனக்குப் பிரியம் வந்ததும் அவரால்தான். சாலையில் ‘மெல்ல’ என்பதை இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். இந்த மலைநாட்டை ஸ்னோடோனியா என்பதைவிட எரரி என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்கு முகம் மலர்கிறது. தேசியப் பூங்காவும் 2022 முதல் வேல்ஸ் மொழிப் பெயர்களையே முன்னிறுத்துகிறது. ஏரிக்கரை ஊரின் பெயரை லான்பெரிஸ் என்று நான் தமிழில் எழுதுவது தவறு. அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு இருபுறமும் காற்றை ஊத வேண்டும். பதிலுக்கு நான் அவருக்கு ‘ழ’ கற்றுக்கொடுத்தேன். பிள்ளைகளை எண்ணும்போது அவர் ஈன், டை, ட்ரீ, பெட்வர், பிம்ப் என்று போவார். நான் ஒன்று, இரண்டு என்று போவேன். ஏழில் வந்து நிற்பார். “ஏலு” என்றுதான் வரும். ஆகஸ்டில் ஒரு நாள் சரியாக ‘ஏழு’ என்றார். அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து இதைத்தான் முதலில் சொன்னேன்.

இன்னொரு சொந்தத்தையும் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்கு உள்ளே, எலிடிர் மலையின் வயிற்றில், 1984 முதல் ஒரு மின்நிலையம் ஓடுகிறது. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றிவைத்து, தேவை எகிறும்போது திறந்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும் நிகழ்ச்சி முடிந்து நாடே எழுந்து தேநீருக்குக் கெட்டிலைப் போடும் நிமிடத்தில் இந்தத் தண்ணீர் கைகொடுக்கும் என்று சொன்னார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. வால்பாறைக்குப் பக்கத்தில் காடம்பாறையில் மலைக்குள் இருப்பதும் இதே மாதிரியான 400 மெகாவாட் நிலையம். 

ஏப்ரலில் ஒரு மாலை, பயிற்சியின் பகுதியாக லைம் விரிகுடா விபத்தைப் பற்றிப் பேசினார்கள். 1993 மார்ச் 22. பிளிமத்திலிருந்து வந்த எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மத்துக்குக் கயாக்கில் கடல்வழியே புறப்பட்டார்கள். ஆசிரியரின் கயாக் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர்களைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு கயாக்காகத் தண்ணீர் நிறைந்தது. குறித்த நேரத்தில் கரைசேரவில்லை என்ற தகவல் கடலோரக் காவல் படைக்கு மிகவும் தாமதமாகப் போயிற்று. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அந்த மையத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு போதவில்லை என்று மாதங்களுக்கு முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. அலட்சியத்தால் உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றத்துக்காக அந்த நிறுவனமே தண்டிக்கப்பட்டது. இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் அதுவே முதல் முறை. 1995-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 18 வயதுக்குட்பட்டவர்களை மலைக்கோ, பாறைக்கோ, குகைக்கோ, தண்ணீருக்கோ காசு வாங்கிக்கொண்டு அழைத்துப்போகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்ற ஏற்பாடு 1996-இல் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் நிரப்பும் படிவங்கள், எழுதிவைத்துவிட்டுப் போகும் திரும்பும் நேரம், பையில் சுமக்கும் அவசர விளக்கு, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்று கடலுக்கு அழைத்துப்போன இரண்டு பயிற்றுநர்களிடமும் அடிப்படைத் தகுதிதான் இருந்தது. அன்று அறையில் உட்கார்ந்திருந்த என்னிடம் அதுகூட இன்னும் இல்லை. யாரோ ஒரு மேலாளர், “அமைதியான கடல்தான், அழைத்துப் போ” என்று எனக்குச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா? போயிருப்பேன். உத்தரகாசி ‘ஏ’ கிரேடு தந்த தைரியத்தில் போயிருப்பேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குரங்கணி நினைவுக்கு வந்ததும் அன்றுதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேனி மாவட்டத்தில் மலைநடைக்குப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்த செய்தியை லயனில் எல்லோரும் ஒரே தொலைக்காட்சி முன்னால் நின்று பார்த்தோம். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் போனவர்கள், பெண்களே அதிகம். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்மா அப்போது கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. “கூட்டிப்போனவர்களுக்கு அந்தக் காட்டைத் தெரியுமா?” மார்ச்சில் அந்த உயரத்தில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்று எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முன்பதிவோடு திறந்து, பழங்குடி மக்களையும் காட்டோர ஊர்க்காரர்களையும் வழிகாட்டிகளாக நியமித்தது. இது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நம் பள்ளிகள் பிள்ளைகளை ஆற்றுக்கும் அணைக்கும் சுற்றுலா அழைத்துப்போகும்போது, கரையில் நின்று எண்ணுவதை மட்டுமே தன் வேலையாகக் கொண்ட ஓர் ஆளையும் உடன் அனுப்புகின்றனவா? ஒவ்வொரு கோடையிலும் ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியை நாம் படிக்கிறோம். அந்தச் செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: சிறிது நேரம் கழித்தே நண்பர்கள் கவனித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் லிவர்பூல் பள்ளியொன்றின் ஒன்பது மாணவர்களோடு ஸ்னோடன் ஏறப் போனோம். பென்-இ-பாஸ் என்ற கணவாயிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளின் பழைய பாதை. முதல் இரண்டு மணி நேரம் அகலமான, நல்ல நடை. லிதாவ் ஏரியின் நடுவே கல்லணைமேல் நடந்து, உச்சிக்கு நேர் கீழே கிளாஸ்லின் என்ற பச்சை ஏரிக்கு வந்து சேரலாம். அங்கிருந்து செங்குத்து. 1,085 மீட்டர் உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம் பாக்கி. “இன்றைக்கு முடிவெல்லாம் உன்னுடையது. நான் பின்னால் வருகிறேன்” என்று புறப்படும்போதே மூத்தவர் சொல்லியிருந்தார்.

கிளாஸ்லினில் மேகம் இறங்கியது. ஆலங்கட்டியும் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், வழியெல்லாம் கால்பந்து பேசி வந்தவன், மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிரிக்கவில்லை. வேண்டாமா என்றேன். பிறகு சாப்பிடுகிறேன் என்றான். அவன் காலணி சாதாரணக் கான்வாஸ். மையத்தின் பூட்ஸ் கடிக்கிறது என்று பஸ்ஸிலேயே மாற்றிக்கொண்டிருக்கிறான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் காலைப் பார்க்கவில்லை. என் தவறு அது. கூடாரத் துணியை எல்லோர் மேலும் போர்த்தி உட்காரவைத்து, அவனுக்கு உலர்ந்த காலுறையும் சூடான பழரசமும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அவன் மறுபடி பேசத் தொடங்கினான். “இப்போது ஏறலாம் அல்லவா” என்றார் ஆசிரியர். எட்டுப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

திரும்புகிறோம் என்றேன்.

ஒரு சிறுமி அழுதாள். உச்சியிலிருந்து அப்பாவுக்குப் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் என்னோடு பேசாமல் இறங்கினார். சாலைக்கு வந்து சேர்ந்தபோது மேகம் விலகி உச்சி முழுவதும் வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்த அந்த நிமிடம் இந்த வருடத்திலேயே எனக்குக் கடினமான நிமிடம். மேலே போயிருந்தால் எல்லோரும் சுகமாகத் திரும்பியிருக்கலாம். போகாததால் காப்பாற்றப்பட்டது எதுவும் உண்டா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த வேலை முழுவதும் அப்படித்தான். நடக்காமல் போனதற்கு ரசீது கிடையாது. மூத்தவர் பஸ்ஸில் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“ஒன்பது” என்றேன். வண்டியைக் கிளப்பினார்.

மவுண்டன் லீடர் என்ற தகுதியை வாங்கினால்தான் தனியாகக் குழுவை மலைக்கு அழைத்துப்போகலாம். பயிற்சிக்கு முன்பே 20 தரமான மலைநாட்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். தேர்வுக்கு 40, கூடாரத்தில் எட்டு இரவுகள், 16 மணி நேர முதலுதவிப் பயிற்சி. பழகிய பாதையில் பிறர் பின்னால் நடந்த நாள் கணக்கில் வராது. வழியைத் தானே முடிவு செய்திருக்க வேண்டும். ஆகவே விடுமுறை நாட்களில் நான் சுற்றுவது பெரும்பாலும் வரைபடத்தோடுதான். ‘ஷெர்பா’ என்று பேர் வைத்த பஸ்கள் மலையடிவாரங்களைச் சுற்றி ஓடுகின்றன. ஓரிடத்தில் ஏறி, மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, வேறொரு நிறுத்தத்தில் பஸ் பிடிக்கலாம். க்ளிடர் முகட்டில், மேகத்துக்குள், கை நீட்டினால் விரல் தெரியாத நேரத்தில் என் இடது கால் 66 முறை தரையில் பட்டால் நூறு மீட்டர் என்று எண்ணி நடந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓர் ஓடையைக் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இங்கே எந்தக் கடையிலும் 1:25,000 அளவில் வரைபடம் கிடைக்கிறது. ஒவ்வொரு வேலியும் கிணறும் அதில் உண்டு. இந்தியாவை அளக்கும் மாபெரும் பணி 1802-இல் நம் பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்கியது. ஆனாலும் வால்பாறையின் அப்படி ஒரு வரைபடத்தை நான் கையில் பிடித்ததே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் என் காலால் எண்ணி நடந்தாவது ஒன்று வரைய வேண்டும். நீரோடைகள், யானை கடக்கும் இடங்கள், அட்டை அதிகமுள்ள சரிவு, மூடுபனியில் பிள்ளைகள் வழி தவறும் அந்த முச்சந்தி எல்லாம் அதில் வேண்டும். அம்மாவுக்கு நான் கண்டுபிடித்த பதில் இதுதான்: மலை வாசலிலேயே இருந்தது, நீங்கள் வாசலில் நின்று செய்தது ஒரு தொழில் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. போனில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சாப்பிட்டாயா?” என்றார்.

அக்டோபரில் பருவம் முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. உடன் வேலை பார்ப்பவர்கள் எடின்பரோவுக்குக் கிளம்பினார்கள். நான் பாங்கரில் ரயிலேறி, பல ரயில்கள் மாறி, ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி, பஸ் பிடித்து லைம் ரீஜிஸுக்குப் போனேன். பழைய துறைமுகச் சுவர் கடலுக்குள் வளைந்து நிற்கிறது. அதன் முனையில் நின்றால் சார்மத் தெரிகிறது. அவ்வளவு பக்கம். கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல் இருந்தது. கடல் அமைதியாக, வெளிர்நீலமாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கரையிலிருந்து கடலை நோக்கி. சுவரின் மறைவில் நிற்கும்போது தெரியாது. முனைக்கு வந்தால்தான் முதுகில் படுகிறது.

மறுநாள் சார்மத் கடற்கரைக்குப் போனேன். அங்கே கரும்பாறைச் சேற்றில் பல கோடி ஆண்டுப் பழைய சுருள் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன; பொறுக்குவதற்காகவே மக்கள் வருகிறார்கள். ஒரு பள்ளிக் கூட்டம் வந்திருந்தது. மஞ்சள் மழைச்சட்டை போட்ட சின்னப் பிள்ளைகள் குனிந்தபடி கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். இருபத்தாறு. ஒருத்தி கூட்டத்தை விட்டு விலகி, கையில் கல்லோடு, தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். எழுந்து நின்றேன். அதற்குள் அவர்களுடைய ஆசிரியை அவளுக்கும் கடலுக்கும் நடுவே வந்து நின்று, கல்லை வாங்கிப் பார்த்து, ஏதோ கேட்டார். பிறகு கையை உயர்த்தினார். பிள்ளைகள் இருவர் இருவராக வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசித் தலைக்கு வந்து, ஒரு கணம் நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.